கனடாவுக்கு உப்புக் கூடிப்போச்சு

போன கிழமை உங்கள் விளம்பர நிறுவனத்துக்கு என்னைக் கூப்பிட்டுக் குளிரூட்டிய அறையில் இருத்தி, சுவரளவு திரையில் வண்ண வண்ணக் கோடுகளைக் காட்டினீர்கள். எந்தத் தளத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள், எந்த வயது, எந்த ஊர், எந்த நேரம் என்று எல்லாம் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். விளம்பரத் தொழிலில் நான் முதலில் கற்றுக்கொண்ட வித்தை அது. விளங்காத இடத்தில் கொஞ்சம் மெதுவாக ஆட்ட வேண்டும். ஆழமாக யோசிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடைசியில் உங்களில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், ஒரு சின்ன பிஸ்னஸ். ஒரே ஒரு இடத்தில விளம்பரம் போடத்தான் அவையளிட்டக் காசிருக்கு. எந்தத் தளத்தில போடச் சொல்லுறது?"

"நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தேன்.

எனக்கு மறுமொழி எப்போதும் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வரும். அன்றைக்கும் பஸ்ஸில்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் எழும்பிப் போய் வேறு ஆசனத்தில் இருந்துவிட்டார். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் எழும்பிப் போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

யுத்தத்தின் கடைசி வருடங்கள். எங்கள் நிறுவனம் மருதானையில் ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே என் தேநீர்க் கோப்பை மேசையில் நடந்து போகும். நான் பத்திரிகை விளம்பரக்காரன். தீபாவளிக்குச் சேலைக்கடை, சித்திரைக்கு நகைக்கடை, வருடம் முழுக்க ரியூசன் வகுப்பு. கால் பக்கம், அரைப் பக்கம் என்பதற்கு அப்பால் எனக்கு உலகம் கிடையாது. ஒருநாள் எங்கள் முதலாளி ஏதோ ஹோட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய்விட்டு, கழுத்தில் பெயர் அட்டையோடு திரும்பி வந்தார். அதைக் கழற்றாமலே, "இனி எல்லாம் ஒன்லைன்" என்றார். அலுவலகத்தில் இருந்த ஒரே கணினி என் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தத் தகுதியால் நான் ஒன்லைன் பிரிவின் தலைவரானேன். பிரிவில் வேறு ஆட்கள் இல்லாததால் என் தலைமையை எவரும் எதிர்க்கவில்லை.

என் முதல் வாடிக்கையாளர் பரமேசக்கா.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் அவருக்குச் சைவச் சாப்பாட்டுக் கடை இருந்தது. முன்னால் நாலைந்து மேசை, பின்னால் சமைக்கிற குசினி, குசினியில் இரண்டு பெண்கள். வங்கியில் வேலை செய்கிறவர்கள், விசாவுக்குக் காத்துக்கொண்டு லொட்ஜில் இருப்பவர்கள் எல்லாம் மத்தியானம் அங்கேதான் சாப்பிட்டார்கள். பிறகு ஒழுங்கை முகப்பில் ஒரு சோதனைச் சாவடி வந்தது. அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து, எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்பதற்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். ஒரு பிடி சோற்றுக்காக யார் அந்தப் பரீட்சை எழுதுவார்கள்? மேசைகள் வெறுமையாகிவிட்டன.

அவருடைய அண்ணர் வத்தளையில் வீடு வாசலோடு இருந்தார். கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படியும், மாதக் கடைசியில் வான் வண்டியோடு வருவதாகவும், சட்டி பானைகளைக் கட்டி வைக்கும்படியும் சொல்லிவிட்டார்.

"நல்லதுதானே அக்கா, பாதுகாப்பு" என்றேன் நான்.

"ஓம் தம்பி. அண்ணற்ற வீட்டில எனக்கு ஒரு அறையும் ஒதுக்கி வச்சிருக்கினம். குசினிக்குப் பக்கத்தில. அது ஏன் குசினிக்குப் பக்கத்தில எண்டு எனக்கு விளங்கும்."

நான் அதற்குப் பிறகு பாதுகாப்பைப் பற்றிப் பேசவில்லை.

அவருக்கு ஒரு யோசனை இருந்தது. வெள்ளவத்தை மாடிவீடுகளில் தாயும் தகப்பனும் தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். "போனில 'நல்லாச் சாப்பிடுறம்' எண்டு சொல்லுவினம். போனை வச்சிட்டுப் பாணைத் தேத்தண்ணியில தோய்ச்சுத் தின்னுவினம். அந்தப் பிள்ளையளுக்குத் தெரிஞ்சால் காணும். அவை அங்கயிருந்து சொல்லட்டும், நான் இஞ்ச மாடி ஏறிக் கொண்டுபோய்க் குடுக்கிறன். ஆக்கள் கடைக்கு வரேலாதெண்டால் கடை ஆக்களிட்டப் போகட்டும்."

சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாத கடையை, கடல்களைத் தாண்டி விளம்பரப்படுத்த வேண்டும். எங்கே? அதுதான் என்னிடம் வந்த கேள்வி. மாதக் கடைசி வரைக்கும்தான் தவணை. சரிவராவிட்டால் வான் வரும்.

முதலில் தேடல் பக்கம். முதலாளி தாராளமாக, "ஒரு வாரம் நம்மட கணக்கில ஓடட்டும், பார்ப்பம்" என்றார். யாராவது சில சொற்களைத் தட்டினால் எங்கள் விளம்பரம் எட்டிப் பார்க்கும். அந்தச் சொற்களைத் தெரிவு செய்வதுதான் கலை என்றார்கள். நான் கலைஞன் அல்லவா, தனியாக உட்கார்ந்து தமிழில் அழகழகாகத் தெரிவு செய்தேன். சாப்பாடு, அறுசுவை, அமுது. அமுது என்று தட்டச்சு செய்து மத்தியானச் சாப்பாடு தேடுகிற மனிதன் இந்தப் பூமியில் இல்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்த நம்மவர்களிடம் தமிழ் விசைப்பலகையும் இல்லை. எல்லாரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதினார்கள். சரி என்று சாப்பாட்டை ஆங்கில எழுத்தில் போட்டேன், என் எழுத்துக்கூட்டலில். சாப்பாட்டின் நெடிலுக்கு ஓர் எழுத்துப் போடுகிறவர், இரண்டு போடுகிறவர், வெள்ளவத்தையைச் சிங்களவர் சொல்வதுபோல் எழுதுகிறவர், நாங்கள் சொல்வதுபோல் எழுதுகிறவர் என்று ஒரு சனத்துக்கு ஆயிரம் எழுத்துக்கூட்டல். தேடல் பக்கமோ மரியாதையாக, "நீங்கள் தேடியது இதுதானா?" என்று கேட்டு அவர்களைத் தாய்லாந்துக்கோ எங்கோ அனுப்பிவைத்தது.

அந்த வாரத்தில் வந்தது ஒரே ஓர் அழைப்பு. பரமேசக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, ஒரு வெள்ளைக்காரன் கதைச்சவன். கடற்கரையில நிண்டு நண்டுக்கறி காய்ச்சப் பழக்கி விடட்டாம்."

"என்ன சொன்னீங்கள்?"

"சைவக்கடை எண்டன். அப்ப இறால் எண்டாலும் பழக்கட்டாம்."

இரண்டாவது, செய்தித் தளம். வெளிநாட்டிலிருந்து நடத்தப்பட்ட தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றின் முகவர் எங்கள் முதலாளியைப் பிடித்துவிட்டார். உலகத்திலுள்ள அத்தனை தமிழரும் நாளுக்குப் பத்துத் தடவை பார்க்கிற தளம் என்று முகவர் சொன்னார். பொய்யில்லை, பார்த்தார்கள்தான். முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாதிரிப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். கொழும்பில் அந்தத் தளத்தை அரசாங்கம் தடுத்து வைத்திருந்தது, நேராகத் திறக்காது, அதனால் அச்சடித்த தாளாக வந்தது. மேலே எறிகணை விழுந்த இடத்தின் படம். அதைப்பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்குக் கீழே, வாழையிலையில் சோறும் பொரித்த அப்பளமும். பரமேசக்காவின் பெயர், ஒழுங்கை, இலக்கம், தொலைபேசி எண்.

நான் வழக்கமாகப் பகிடி விடுகிற ஆள். அந்தத் தாளைப் பார்த்து எனக்கு ஒன்றும் வரவில்லை.

"என்ன யோசிக்கிறாய்? லட்சக்கணக்கில சனம் பாக்குது" என்றார் முதலாளி.

"ஓம் பொஸ். சனம் மட்டுமே பாக்குது?"

"என்ன சொல்லுறாய்?"

"இதில கடை விலாசத்துக்குப் பதிலா உங்கட வீட்டு விலாசத்தைப் போட்டு ஒரு நாளைக்கு விட்டுப் பாப்பமோ?"

முதலாளி தாளை எடுத்தார். பிளேன்ரீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். தாளை நாலாய் மடித்தார், எட்டாய் மடித்தார். "வேண்டாம்" என்றார். தன் வருமானத்தில் கண்ணாயிருந்த மனிதன், ஒரு சொல்லோடு அதை விட்டார். அவரிடமிருந்து நான் பெற்ற பாடங்களில் மிகச் சின்னதும் பெரியதும் அந்த ஒரு சொல்தான். விளம்பரம் என்பது ஓர் ஆளைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவது. அந்த நாட்களில் கொழும்பில் நம்மவர்கள் எல்லாரும் பொலிசும் இராணுவமும் பார்க்க எழும்பி நிற்காமல் இருக்கத்தான் பிரயாசைப்பட்டார்கள். எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று உங்கள் திரை சொல்லும். யார் யார் பார்க்கக்கூடாது என்று அது சொல்லாது.

மாதம் பாதி போய்விட்டது. தோல்விச் செய்தியை நேரில் சொல்லலாம் என்று வெள்ளவத்தைக்குப் போனேன். சொல்லத் தைரியம் வராமல், ஒழுங்கைக்கு முன்னாலிருந்த இன்ரநெற் கபேயில் புகுந்தேன். வேறு ஏதாவது தளம் அகப்படுமா என்று பார்ப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கபேயை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மீன் சந்தை தோற்றுப்போகும். காதில் கருவியை மாட்டியதும் தங்கள் குரல் தங்களுக்குக் கேட்காவிட்டால் மற்றவருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வோர் அம்மாவும் கடலுக்கு அப்பால் கூப்பிடுகிற குரலில் கத்திக்கொண்டிருந்தார். "பேரனுக்குப் பல்லு முளைச்சிட்டுதோ?" என்று ஒருவர் கத்த, பக்கத்தில் இருந்தவர் தன் மகனிடம், "ஆற்றையோ பேரனுக்குப் பல்லு முளைச்சிட்டுதாம்" என்று அஞ்சல் செய்தார். நான் சிரித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. கத்தி முடித்த ஒவ்வொருவரும், போவதற்கு முன்னால், ஒரே ஒரு பக்கத்தைத் திறந்தார்கள். ஒரே பக்கத்தை. குரலும் அடங்கிவிடும். தலை திரைக்குக் கிட்டப் போகும்.

"என்ன அன்ரி பாக்கிறியள்?" என்று பக்கத்து அம்மாவைக் கேட்டேன்.

"ஆரார் போட்டினம் எண்டு பாக்கிறன் தம்பி."

மரண அறிவித்தல் பக்கம்.

திரும்பி என் திரையைப் பார்த்தேன். அதிலும் அதுதான் திறந்திருந்தது. சத்தியமாக நான் திறந்த ஞாபகமே இல்லை. கை திறந்திருக்கிறது. தினமும் அலுவலகத்தில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்து, என் பெயர் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் நான் தேநீருக்குச் சொல்வது. ஒன்லைன் பிரிவின் தலைவர், நம்மவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். தன் கை எங்கே போகிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

அன்றைக்கு அந்தப் பக்கத்தை நான் முதல் தடவையாக வாசித்தேன். 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும் அந்த வாக்கியம் நம் எல்லாருக்கும் மனப்பாடம். தீவகத்தில் ஒரு கிராமம் பிறப்பிடம். கிளிநொச்சி, பிறகு வவுனியா, பிறகு வெள்ளவத்தை வதிவிடம். அதன் கீழே பிள்ளைகளின் பெயரும், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு நாடும். ஒரு சனம் எங்கிருந்து கிளம்பி எங்கெல்லாம் சிதறியது என்பதை எந்த அரசாங்கமும் எழுதி வைக்கவில்லை. அது அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு சாவோடும் தன்னைத் தானே எழுதிக்கொண்டிருந்தது. சிட்னியில் விடிகிறவர்களும் ரொறன்ரோவில் படுக்கப் போகிறவர்களும் அந்த ஒரு முற்றத்துக்கு வந்து, ஒரு நிமிடம் நின்று, தெரிந்த முகமா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீங்கள் சிரிப்பீர்கள். கபேயின் குளிரூட்டி என் தலைக்கு மேல் இருந்ததும் உண்மைதான்.

பரமேசக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

"தம்பி, உமக்கென்ன விசரே? செத்த ஆக்களுக்குப் பக்கத்தில என்ர சோத்தைக் கொண்டுபோய் வைக்கிறதோ?"

"அக்கா, நீங்கள் அந்தப் பக்கம் பாக்கிறனீங்களோ?"

"பாக்காமல்? காலமை விளக்குக் கொளுத்திப்போட்டு, பக்கத்துக் கடைப் பெடியன்ர கொம்பியூட்டரில அதைப் பாத்திட்டுத்தான் அரிசி போடுறனான்."

குசினிக்குள்ளிருந்து ஒரு பெண் சொன்னாள்: "நாங்களும்தான் அக்கா."

"உங்களை ஆர் கேட்டது?" என்று உள்ளே ஒரு சத்தம் போட்டார். பிறகு அகப்பையைக் கீழே வைத்தார். "சரி, போடும். ஆனால் பகிடிக்கதை ஒண்டும் எழுதாதையும். அங்க வாறவை அழுதுகொண்டு வருகினம்."

அந்த அறிவித்தல் தளத்தை நடத்தியவருடன் தொலைபேசியில் பேசினேன். "அண்ணை, எங்களிட்ட விமான ரிக்கெற்காரர்தான் விளம்பரம் குடுக்கிறவை. சாப்பாட்டுக்கடை ஒருத்தரும் கேட்டதில்லை. நல்லா யோசிச்சுப் போட்டுத்தான் கேக்கிறியளோ?" என்றார். மெதுவாகத் தலையாட்டினேன். தொலைபேசியில் அது தெரியாது என்பது பிறகு நினைவுக்கு வந்து, "ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சங்கடம். நான் எழுதுகிற விளம்பரங்களில் ஆச்சரியக்குறி இல்லாத வரி கிடையாது. 'வாருங்கள்! சுவையுங்கள்!' என்பேன். அந்தப் பக்கத்தில் எதை வைத்தாலும் அசிங்கமாக இருந்தது. அறுசுவையை வெட்டினேன். கைமணத்தை வெட்டினேன். படத்தை எடுத்தேன். விலாசத்தையும் எடுத்தேன், தொலைபேசி எண் மட்டும் போதும். வெட்டி வெட்டிக் கடைசியில் எஞ்சியது ஒரே வரி:

வெள்ளவத்தையில் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்போம்.

நான் நினைத்தது என்ன? மாடிவீட்டில் தனியாக இருக்கும் தாய் தகப்பனுக்குத் தினமும் மத்தியானச் சாப்பாடு. அது இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்த வரி எங்கே நிற்கப்போகிறது என்பதை மறந்துவிட்டேன். 'வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட' என்று முடிகிற ஓர் அறிவித்தலுக்கு நேர் கீழே நின்று, 'வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது' என்றால் நம்மவர்களுக்கு வேறென்ன அர்த்தம்? செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சொந்தக்காரரும் அயலட்டையும்தான் சமைத்துக் கொண்டுபோவார்கள். என் வாழ்நாளில் எத்தனையோ வீடுகளுக்கு நானே வாளி தூக்கியிருக்கிறேன். அப்படியிருந்தும் நான் எழுதிய வரி எனக்கு விளங்கவில்லை.

விளம்பரம் ஏறிய பிறகு சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலை, நான் கடையில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. பரமேசக்கா எடுத்தார். எல்லாருக்கும் கேட்கிறமாதிரி அந்தப் போன் கத்தும்.

"அக்கா, நான் நோர்வேயில இருந்து கதைக்கிறன். வீட்டுக்குச் சாப்பாடு குடுக்கிறனீங்களோ?"

"ஓம் தம்பி, ஓம். ஆருக்கு?"

"அம்மா..." என்றது குரல்.

"அம்மாவுக்கோ? நல்லது தம்பி. அம்மாவுக்குச் சீனி வருத்தம், பிறசர் ஏதும் இருக்கோ? உப்பைக் குறைச்சுப் போடவோ?"

"அம்மா போட்டா அக்கா. நேற்று. உடம்பு இப்ப மலர்ச்சாலையில. அப்பா மட்டும் வீட்டில தனிய. எனக்கு வரேலாது அக்கா, இந்த நிலைமையில ஒருத்தருக்கும் வரேலாது. பக்கத்தில சொந்தம் எண்டு ஒருத்தரும் இல்லை. உங்கட விளம்பரத்தைப் பாத்தன். அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவியளோ?"

பரமேசக்கா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். நான் சுவரைப் பார்த்தேன். என்னுடைய வரி என்ன சொல்லியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கொண்டுபோறன் ராசா" என்றார் அவர். "நீ அழாத. நான் கொண்டுபோறன்."

போனை வைத்த கை எடுக்கவில்லை, மறுபடி அடித்தது. ரொறன்ரோ. அங்கே நடுச்சாமம். செத்தவரின் மகள். அவருக்கு அண்ணன் கதைத்தது தெரியாது. அதற்குப் பிறகு லண்டனில் இருந்து இளைய மகன். சிட்னியில் இருந்து செத்த அம்மாவின் தங்கை. பாரிஸிலிருந்து ஓர் ஆள், சொந்தம்கூட இல்லை. சின்ன வயதில் அந்த அம்மாவின் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தவராம், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர் கையால் ஒரு கவளம் வாங்காமல் வீட்டுக்குப் போனதில்லையாம். எல்லாரும் கேட்டது ஒன்றே: அந்த வீட்டுக்கு நான் சாப்பாடு குடுக்க வேணும்.

அலுவலக மூளை எனக்கு. "எல்லாத்தையும் எடுங்கோ அக்கா" என்று சைகை காட்டினேன். அவர் போனின் வாயைக் கையால் பொத்தினார்.

"தம்பி, அங்க இருக்கிறது ஒரு மனிசன். அந்தாள் எத்தினை சாப்பாடு சாப்பிடும்?"

"அப்ப மற்றவைக்கு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"வேண்டாம் எண்டு சொல்லுறதோ? பெத்த பிள்ளைக்கு?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் ஒன்லைன் பிரிவு கலைக்கப்பட்டது. பிறகு கையை எடுத்துவிட்டு, ரொறன்ரோவிடம் சொன்னார்: "பிள்ளை, சோறு அண்ணர் குடுத்திட்டார். நீங்கள் ஒரு கறி குடுங்கோவன். என்ன கறி குடுக்கப் போறியள்?"

மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது: "அம்மாவுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி எண்டால் விருப்பம்."

"அப்ப அதுதான் உங்கட."

லண்டனுக்குச் சாம்பார். சிட்னிக்குப் பயித்தங்காய். பாரிஸ்காரருக்கு என்ன மிச்சமிருக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, "ஒரு கவளம் வாங்கித் திண்டனீங்கள் எல்லோ, நீங்கள் மோர் குடுங்கோ தம்பி. கடைசியாக் கையில ஊத்துறது அதுதானே" என்றார். உலகத்தின் நாலு மூலையிலும் இருந்தவர்களை ஒரு வாழையிலையில் அவரவர் இடத்தில் இருத்திவிட்டார். நான் பத்திரிகையில் எத்தனையோ பக்கங்களை வடிவமைத்திருக்கிறேன். அப்படி ஒரு பக்கத்தை ஒருநாளும் வடிவமைத்ததில்லை.

சமையல் முடிந்து வெளிக்கிட்டோம். பரமேசக்கா சோற்றுச் சட்டி, குசினிப் பெண்கள் இருவரும் கறிகள், நான் சாம்பார் வாளி. வீடு காலி வீதிக்கு அந்தப் பக்கம். அதாவது சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். மூடிய பெரிய பாத்திரங்களோடு நாலு தமிழர். வாளி தளம்பி, சாம்பார் என் காற்சட்டையில் பாதி இறங்கிவிட்டது.

சிப்பாய் இளம் பையன். துப்பாக்கியைத் தோளில் சரித்துவிட்டு, "ஏக்கே மொனவாத?" என்றான், இதற்குள் என்ன என்று. கையை மூடியில் வைத்தான்.

"பத், மாத்தயா" என்றார் பரமேசக்கா. "மள கெதரட்ட."

சோறு ஐயா. செத்தவீட்டுக்கு.

சிங்களத்திலும் அது 'செத்தவீடு'தான். அங்கேயும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் பையன் மூடியிலிருந்து கையை எடுத்தான். சுடுகிறதென்று எடுத்தமாதிரி இல்லை. ஓரடி பின்னால் போய், தடைக்கம்பைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தபடி, "யன்ன அம்மே" என்றான். போங்கள் அம்மா. அடுத்த நாள் அதே பையன் என் பையை உதறிக் கொட்டி என் சீப்பைக்கூட விசாரித்தான். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அன்றைக்கு, அந்த ஒரு சொல்லுக்கு, கம்பு மேலே போனது.

செத்த அம்மாவின் கணவர் கனகசபை ஐயா மூன்றாம் மாடியில், யன்னலோரக் கதிரையில் இருந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். பசியில்லை என்றார். யார் நீங்கள் என்றும் கேட்டார். பரமேசக்கா பதில் சொல்லாமல் இலையை விரித்தார்.

"ஐயா, இது மூத்தவன் தந்த சோறு. நோர்வேயில இருந்து. இது மகள் தந்தது, கத்தரிக்காய், கனடாவில இருந்து. இது சின்னவன்ர சாம்பார், லண்டன். இது மச்சாளின்ர பயித்தங்காய், சிட்னி."

அவர் இலையைப் பார்த்தார். நிலத்தை அளந்தே வாழ்ந்த மனிதன், ஒரு காணியின் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் ஒவ்வோர் எல்லையாகப் பார்த்தார். பிறகு கையைக் கழுவினார். சோற்றில் கைவைத்தார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். கத்தரிக்காயில் வந்ததும் நிறுத்தி, வாய்க்குள் வைத்து யோசித்தார்.

"கனடாவுக்கு உப்புக் கூடிப்போச்சு" என்றார்.

பிறகு அவரே தோள் குலுங்கச் சிரித்தார். "தாயைப்போலதான். அவவும் கத்தரிக்காய்க்கு ரெண்டுதரம் உப்புப் போட்டிடுவா." சிரித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே சாப்பிட்டார். பாரிஸின் மோரைக் கையில் ஏந்திக் குடித்தபோது இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. நான் சாம்பார் காய்ந்த காற்சட்டையோடு கதவோரம் நின்றேன். இவ்வளவு பெரிய உலகத்தை இவ்வளவு சின்ன இலையில் நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

அன்றைக்கு மாலையே அவர்கள் ஐந்து பேருக்கும் பரமேசக்கா தனித்தனியாகப் போன் எடுத்தார். 'அப்பா சாப்பிட்டிட்டார்' என்ற ஒரே செய்தி. கனடாவுக்கு மட்டும் உப்பு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னார். மறுபக்கத்தில் அந்தப் பிள்ளை சிரித்த சத்தம் கடைக்கு வெளியே கேட்டது.

அதற்குப் பிறகு நான் விளம்பரம் எழுத வேண்டியிருக்கவில்லை. அந்த வரி மாறவேயில்லை. செத்தவீடுகள், எட்டாம் நாள் செலவுகள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகள் என்று அழைப்புகள் வந்தன. பிறகு, செத்தவீட்டுக்குச் சாப்பிட வந்தவர்கள் தங்கள் பெற்றோருக்கும் நாளாந்தம் கொண்டுவரச் சொன்னார்கள். கனகசபை ஐயாவும் எட்டு முடிந்த கையோடு கடைக்கு நேரில் வந்து, "நாளையில இருந்து எனக்கும் ஒரு ஆள் சாப்பாடு. காசைப் பிள்ளையள் அங்க பாத்துக்கொள்ளுவினம். உப்பை மட்டும் நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். நான் முதலில் நினைத்த வியாபாரம், நான் நினைக்காத வாசல் வழியாக வந்து சேர்ந்தது.

ஆகவே பிள்ளை, உன் கேள்விக்கு மறுமொழி: எனக்குத் தெரியாது. ஆனால் உன் வாடிக்கையாளரின் விளம்பரத்தைப் போடுவதற்கு முன், அந்தப் பக்கத்துக்கு வருகிறவர் என்ன மனநிலையில் வருகிறார், எந்த வரிக்குக் கீழே நின்று உன் வரியை வாசிக்கப்போகிறார் என்று ஒரு தடவை நின்று பார். உன் சொந்தக் கை காலையில் எங்கே போகிறது என்றும் பார். திரையில் கோடுகள் ஏறுவது அதற்குப் பிறகு.

மாதக் கடைசியில் அண்ணர் சொன்னபடி வானோடு வந்தார். நானும் அங்கே நின்றேன். பரமேசக்காவை வழியனுப்ப வேண்டியிருக்குமோ என்று பயந்து வந்தவன். அண்ணர் குசினிக்குள் போனார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போய் அலமாரித் தட்டுகளைப் பார்த்தார்.

"சட்டி பானையள் எங்க?"

"வீடுகள்ல" என்றார் பரமேசக்கா.

"எந்த வீடுகள்ல?"

"கன வீடுகள்ல அண்ணை. ஒண்டுதான் மிச்சம். கொட்டாஞ்சேனையில ஒரு வீடு, அதுக்குப் போகவேணும். சாம்பார் ஆறப்போகுது. நீங்கள் வத்தளைக்கு அந்தப் பக்கத்தாலதானே போறியள்?"

அண்ணர் என்னைப் பார்த்தார். நான் மெதுவாகத் தலையாட்டினேன்.

வான் அன்றைக்கு வத்தளைப் பக்கம்தான் கிளம்பியது. கொட்டாஞ்சேனை வழியாக. முன் ஆசனத்தில் அண்ணரும் தங்கச்சியும், பின்னால் நானும் கடைசிச் சட்டியும். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அண்ணர் கண்ணாடியை இறக்கி, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார்: "பத், மாத்தயா. மள கெதரட்ட."

கொட்டாஞ்சேனையில் சாம்பாரை இறக்கிவிட்டு, அவர் வானைத் திருப்பி, தங்கச்சியை மறுபடி வெள்ளவத்தையில் கொண்டுபோய் விட்டார்.